படம் பார்க்க ரெய்டு 0 தேவையில்லை

வீட்டுத் திரையரங்கக் கணினியில் 4கே படங்கள் தடங்கலின்றி ஓட இரண்டு ஹார்ட் டிஸ்குகளை ரெய்டு 0 முறையில் (தரவைத் துண்டுகளாக்கி இரண்டிலும் பிரித்து எழுதி வேகத்தைக் கூட்டும் முறை) இணைக்க வேண்டும் என்ற ஒரு கட்டுரையாளரின் பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. 4கே புளூ-ரே தட்டின் உச்ச வேகமே நொடிக்கு 128 மெகாபிட், அதாவது 16 மெகாபைட்தான். இன்று கடைகளில் கிடைக்கும் நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் (5400 ஆர்பிஎம்) சாதாரண டிஸ்க் ஒன்றே அதைப்போலப் பல மடங்கு வேகத்தில் படித்துத் தரும். அப்படியிருக்க, ஒரு டிஸ்க் பழுதானாலும் இரண்டிலும் உள்ள அனைத்தையும் இழக்கும் ஆபத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

நான்கு 4 டெராபைட் டிஸ்குகளை ரெய்டு 5 முறையில் (ஒரு டிஸ்க் அளவு இடத்தை, இழந்த தரவை மீட்க உதவும் தகவலுக்கு ஒதுக்கும் முறை) இணைத்தால் 12 டெராபைட் இடம் கிடைக்கும். ஒன்று பழுதானாலும் தரவு தப்பும். ஆனால் மாற்று டிஸ்கை நிரப்ப மற்ற மூன்றையும் முழுமையாகப் படிக்க வேண்டியிருப்பதால் அது பல மணி நேர வேலை, பதிவுத் தடங்கள் ஒன்றன்மீது ஒன்று சற்றே படிவதால் மாற்றி எழுதுவதில் மெதுவான எஸ்எம்ஆர் வகை டிஸ்க் என்றால் நாட்கணக்கில்கூட இழுக்கும். வாங்குமுன் தடங்கள் தனித்தனியே உள்ள சிஎம்ஆர் வகைதானா என்று அவசியம் பாருங்கள்.

அரிதாகவே மாறும் படக் கோப்புகளுக்கு, மீட்புத் தகவலைத் தனி டிஸ்கில் சேமிக்கும் ஸ்னாப்ரெய்டு என்ற மென்பொருள் இன்னும் பொருத்தமானது என்பது என் கருத்து. இதில் எந்தத் தரவு டிஸ்கையும் தனியே கழற்றி வேறு கணினியில் படிக்கலாம். பார்க்கும் படம் உள்ள டிஸ்க் மட்டும் சுழன்றால் போதும் என்பதால், மெல்லிய வசனங்களின்போது பெட்டியின் இரைச்சலும் குறையும். புதிய கோப்புகளைச் சேர்த்ததும் மீட்புத் தகவலைப் புதுப்பிக்கும் சிங்க் கட்டளையை இயக்க மறக்கக் கூடாது, அதுவரை அவற்றுக்குப் பாதுகாப்பில்லை. குடும்பக் காணொளிகளுக்கு மட்டும் எந்த ரெய்டையும் நம்பாமல், தனி யுஎஸ்பி டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.