செத்தால் விலையா, இருந்தால் விலையா?

போன பங்குனியில் போளூர் பக்கம் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். ஜவ்வாது மலை அடிவாரம். பிடுங்க இன்னும் பத்து நாள் இருந்த மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையைக் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே ராத்திரியில் உழுதுபோட்டிருந்தது. சித்தப்பா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, நீதான் படிச்சவன், சொல்லு. பன்னியைச் சுடலாம்னு கவர்மென்ட்டே சொல்லிடுச்சு. சுட்டதை விக்கக்கூடாதுங்கிறான். கறி, தோல் எதையாவது வித்தா எனக்கு விதைக் காசாவது தேறாதா?"

அன்றைக்கு ஏதோ சொல்லி மழுப்பினேன். இந்தப் பதிவுதான் நிதானமான பதில். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவர் பக்கத்து நியாயம். காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை நாசம் செய்யும் பன்றியை வனத்துறை சுடலாம் என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. கேரளத்தில் 2022 முதலே உள்ளாட்சித் தலைவர்கள் அனுமதி கொடுக்கிறார்கள். ஆனால் சுட்டதைக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும், யாரும் தோண்டித் தின்னாமல் இருக்க மண்ணெண்ணெயும் ஊற்றிவிடுகிறார்கள். பயிர் இழந்தவனுக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். அசாமில் 2021 செப்டம்பர் 22 அன்று 2,479 காண்டாமிருகக் கொம்புகளை அடுக்கி எரித்தபோதும் இதே குரல் கேட்டது: விற்றிருந்தால் எத்தனை கோடி!

சரி, விற்கவே கூடாதா? விற்கலாம். நம் ஊரிலேயே ஒரு கூட்டம் நாற்பது வருடத்துக்கும் மேலாகக் காட்டு உயிரைப் பிடித்து, அதன் உடம்பிலிருந்து எடுத்ததைச் சட்டப்படி விற்றுவருகிறது. சித்தப்பாவுக்கு அன்றே அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிற வழியில், வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் இருக்கிறது இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம். 1978இல் பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேகரின் முயற்சியில் தொடங்கியது. அதற்கு முன்னால் இருளர்கள் செய்தது தோல் தொழில். சாரை, நல்லபாம்பு, கண்ணாடி விரியன் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அடித்து உரித்துத் தரகரிடம் கொடுத்தார்கள். தோல் பதனிடப்பட்டுக் கப்பலேறி வெளிநாட்டில் கைப்பையும் செருப்புமாக மாறியது. வரப்பில் கடப்பாரையோடு எலிவளை தோண்டியவனுக்குக் கிடைத்தது சொற்பக் காசு. 1972இல் வன உயிரினச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதியும் நின்றது. பாம்புக்கு நல்லது நடந்தது, இருளர் வீட்டு அடுப்பு அணைந்தது. தடை போட்டவர்களுக்கு இந்த இரண்டாவது விஷயம் ஞாபகத்தில் இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான்.

சங்கம் செய்தது இவ்வளவுதான்: அதே ஆட்கள், அதே கடப்பாரை, அதே பாம்பு, விற்கிற சரக்கை மட்டும் மாற்றினார்கள். தோலுக்குப் பதில் விஷம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து வருகிறார்கள். மண்பானையில் கொஞ்சம் மணல் போட்டு, பாம்பை விட்டு, வாயைத் துணியால் கட்டிவைக்கிறார்கள். மூன்று வாரம் வைத்திருந்து நான்கு தடவை விஷம் எடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் சின்னதாக ஓர் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடையாளத்தோடு மறுபடி சிக்கினால், இது சமீபத்தில் கொடுத்துவிட்டுப் போன ஆள் என்று தெரியும். எடுத்த விஷம் உறையவைத்து உலர்த்திய தூளாக மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. அங்கே குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து விஷமுறிவு மருந்து செய்கிறார்கள். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியில் சாகிறார்கள் என்று 2020இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. பிழைத்து வீடு திரும்புகிறவர்களில் பெரும்பாலானோர் உடம்பில் ஏறிய மருந்துக்கு மூலச்சரக்கு இந்தப் பானைகளிலிருந்து போனது.

சட்டத்தின் கண்ணில் இதுவும் வேட்டைதான் என்பது பலருக்குத் தெரியாது. கொல்வது மட்டுமல்ல, பிடிப்பது, பொறி வைப்பது, உடம்பின் ஒரு பாகத்தை எடுப்பது எல்லாமே அந்தச் சட்டத்தில் 'வேட்டை'. 12ஆம் பிரிவில், உயிர்காக்கும் மருந்துக்காகப் பாம்பு விஷம் எடுக்கலாம் என்று ஒரே வரியில் ஒரு விலக்கு இருக்கிறது. அந்த ஒற்றை வரிதான் இருளரைக் குற்றவாளியாக்காமல் காப்பாற்றி நிற்கிறது.

இங்கேதான் என் கட்சி. காட்டு உயிரை வைத்துக் காசு பண்ணுவது பாவம் என்று நான் நினைக்கவில்லை. காசு எதற்கு வருகிறது என்பதுதான் என் கேள்வி. தோல் வியாபாரத்தில் செத்த பாம்புக்கு விலை. விஷ வியாபாரத்தில் உயிரோடு இருக்கிற பாம்புக்கு விலை. அடுத்த வருடமும் வயலில் பாம்பு இருந்தால்தான் அடுத்த வருடமும் பானை நிறையும். எந்த விழிப்புணர்வுப் பேரணியும் இதைச் சாதித்திருக்காது.

மயில் தோகையையும் இதில் சேர்க்கலாம். மயிலைத் தொட்டால் ஜெயில். ஆனால் உதிர்ந்த தோகையை உள்நாட்டில் விற்கத் தடையில்லை, ஏற்றுமதிக்குத்தான் தடை. வருடா வருடம் தானாக உதிர்கிற பொருள் என்பதால் இந்தச் சலுகை. முருகன் கோவில் வாசலிலும் தர்கா வாசலிலும் கட்டுக்கட்டாக விற்பது இதனால்தான். ஆனால் எனக்கு இதில் நெருடல் உண்டு. தானாக உதிர்ந்த இறகின் அடிக்காம்பு சுத்தமாக இருக்கும், பிடுங்கியதில் ரத்தக்கறை இருக்கும் என்கிறார்கள். காம்பை நறுக்கிவிட்டால் யார் கண்டார்? தோட்டத்தில் விஷம் வைத்து மயிலைக் கொல்கிற செய்தி அடிக்கடி வருகிற நாட்டில், உதிர்ந்ததா பிடுங்கியதா என்று விசிறி வாங்குகிறவர் யாரும் கேட்பதில்லை. பாம்புப் பானையில் இருக்கிற கணக்கு இதில் இல்லை.

செத்த உடம்புக்கு விலை வைப்பது சில இடத்தில் சரிதான். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவைப் பாருங்கள். வளர்க்க வாங்கி வந்து கைவிட்ட பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகி, உள்ளூர் விலங்குகளை விழுங்கித் தீர்த்துக்கொண்டிருக்கின்றன. அங்கே அரசே காசு கொடுத்துப் பிடிக்கச் சொல்கிறது. பாம்பைப் பிடித்தவரே தோலை விற்றுக்கொள்ளலாம். கறியில் பாதரசம் அதிகம், அதனால் தட்டுக்கு வருவதில்லை. அந்த மண்ணில் அந்தப் பாம்பு ஒழிய வேண்டும் என்பதுதான் நோக்கம், அதனால் செத்ததற்கு விலை. கணக்கு சரி.

அங்கே 2016இல் ஒரு மாதம் போட்டி வைத்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் இறங்கிப் பிடித்தது 106 மலைப்பாம்பு. அடுத்த வருடம் ஜனவரியில் நம் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் இரண்டு பேர் அழைக்கப்பட்டார்கள்: மாசி சடையன், வடிவேல் கோபால். முன்பின் பார்க்காத காடு. இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பு. அதில் ஒன்று, பழைய ஏவுகணைத் தளத்தில் ஒளிந்திருந்த 16 அடிப் பெண் பாம்பு. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தோல் தொழில் நின்று பட்டினி கிடந்த தலைமுறையின் பிள்ளைகள், தோல் விற்கலாம் என்கிற நாட்டுக்கே போய் வித்தை காட்டிவிட்டு வந்தார்கள்.

என் வாதத்துக்கு இடிக்கிற ஓர் உதாரணமும் உண்டு, மறைக்க வேண்டாம். அதே அமெரிக்காவின் லூசியானாவில் 1962இல் முதலை வேட்டையை நிறுத்தினார்கள். எண்ணிக்கை தேறியதும் 1972இல் அளவு வைத்து, ஒவ்வொரு தோலுக்கும் எண் போட்ட அடையாள வில்லை கட்டி, மறுபடி திறந்தார்கள். சதுப்புநிலம் பெரும்பாலும் தனியார் சொத்து. முட்டைக்கும் தோலுக்கும் காசு வந்ததால் நிலத்துக்காரர்கள் சதுப்பைத் தூர்க்காமல் வைத்திருந்தார்கள். முட்டை எடுத்துப் பொரித்தவர் ஒரு பங்கை வளர்த்து மறுபடி சதுப்பில் விட வேண்டும். முதலை பெருகத்தான் செய்தது. அப்படியென்றால் செத்த தோலுக்கு விலை வைத்தும் காப்பாற்றலாம்தானே? அங்கே முடிந்தது. நம் ஊரில் மணல் லாரிக்குக் கொடுக்கிற ரசீது என்ன ஆகிறது என்று தெரிந்த பிறகு, பன்றிக்கு வில்லை கட்டிக் கணக்கு வைப்போம் என்று என்னால் நம்ப முடியவில்லை. பன்றிக்கறிக்குக் கிலோவுக்கு இன்ன விலை என்று வந்துவிட்டால், அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்த நாட்டு வெடி) வைக்கிறவன் கொல்லைக்கு வருகிற பன்றிக்காகக் காத்திருக்க மாட்டான், காட்டுக்குள்ளேயே போவான். அதைக் கடிக்கிற யானைக்கும் மாட்டுக்கும் வாய் கிழியும்.

இருளர் சங்கத்தைக் குறையே இல்லாதது என்று சொல்லவில்லை. விட்ட பாம்பில் எத்தனை பிழைக்கின்றன என்று கேட்பவர்கள் கேட்பது நியாயம். அதைவிடப் பெரிய சிக்கல், ஒரே இனப் பாம்பின் விஷம்கூட ஊருக்கு ஊர் மாறுகிறது என்பது. செங்கல்பட்டு வயலில் எடுத்த விஷத்தை வைத்துச் செய்த மருந்து ராஜஸ்தானில் அதே அளவு வேலை செய்வதில்லை. இதற்கு வழி, ஒவ்வொரு வட்டாரத்திலும் அந்தந்த மண்ணின் பாம்பு பிடிப்பவர்களை வைத்து இப்படி ஒரு சங்கம். வட இந்தியாவில் மகுடி ஊதிய குடும்பங்கள் எத்தனை வேலையில்லாமல் இருக்கின்றன!

நாமோ இருக்கிற ஒன்றையே இழுத்தடிக்கிறோம். இத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று அரசு எண்ணிக்கை குறித்து ஆணை கொடுத்தால்தான் இருளர் வயலில் இறங்க முடியும். அந்த ஆணை தாமதமாகிப் பானைகள் காலியாகக் கிடந்த காலம் உண்டு. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. கடிபட்டு வருகிற ஒவ்வொருவரையும் மருத்துவமனை இனி கணக்கில் சொல்ல வேண்டும். நல்ல காரியம். அதே அரசில் பாம்பு பிடிக்கிறவனின் தாள் மேசையில் தூங்கக் கூடாது.

இதையெல்லாம் போன வாரம் போனில் சித்தப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பன்றி தின்ற பயிருக்கு நஷ்டஈடு சீக்கிரம் வர வேண்டும், அதற்கு வேண்டுமானால் நான் மனு எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

"எழுதுடா. ஆனா பன்னிக்கு விஷம் கிடையாதே, அதை உசுரோட வச்சு எதைடா கறக்கிறது?" என்றார்.

இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.