வரிசையில் வா என்கிறோம், வரிசை எங்கே இருக்கிறது?

கலிபோர்னியாவில் நம்மவர்களின் வாட்ஸாப் குழுக்களில் குடியேற்றம் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு வாக்கியம் கண்டிப்பாக வரும். "நாங்க சட்டப்படி வரிசையில நிக்கிறோம், அவங்க மட்டும் வேலி தாண்டி வந்து உட்காரலாமா?" இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. எச்-1பி என்ற வேலை விசாவில் வந்து, நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டுக்குப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்து, வேலை போனால் 60 நாளில் வேறு வேலை தேட வேண்டுமே என்ற பயத்தோடு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது போய் விழும் இடம் சரியில்லை.

ஏனென்றால் தங்குவதற்கான சட்டப் பேப்பர் இல்லாமல் இங்கே வந்து ஸ்ட்ராபெரி பறிப்பவருக்கு வரிசை என்று ஒன்று நடைமுறையில் கிடையாது. பெரிய படிப்போ இரண்டு வருடப் பயிற்சியோ கேட்காத வேலைகளுக்கு அமெரிக்கச் சட்டம் ஒதுக்கியிருக்கும் கிரீன் கார்டு வருடத்துக்கு அதிகபட்சம் 10,000. உலகம் முழுவதற்கும் சேர்த்து, தொழிலாளியின் மனைவி பிள்ளைகளையும் அதே கணக்கில் வைத்து. அதற்கும் ஒரு முதலாளி முன்வந்து மனுப்போட வேண்டும். விவசாயத்துக்கு எச்-2ஏ என்று ஒரு விசா இருக்கிறது, எண்ணிக்கை வரம்பு இல்லை, உண்மைதான். ஆனால் அது பருவகால வேலைக்கு மட்டும், அழைத்து வந்த முதலாளியோடு கட்டிப்போட்ட விசா. வருடம் முழுக்கப் பால் கறக்க வேண்டிய மாட்டுப் பண்ணைகள் அதைப் பயன்படுத்தவே முடியாது. அது எத்தனை வருடம் ஆனாலும் தானாகக் கிரீன் கார்டாக மாறாது.

இந்த நாட்டின் காய்கறியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும், பழம், பாதாம், பிஸ்தா வகைகளில் முக்கால் பங்கும் கலிபோர்னியாவில் விளைகின்றன. அமெரிக்கத் தொழிலாளர் துறையே எடுக்கும் கணக்கெடுப்பின்படி நாட்டில் பயிர் வேலை செய்பவர்களில் பத்தில் நாலு பேருக்குப் பேப்பர் கிடையாது. சாலினாஸ், ஆக்ஸ்நார்ட், வாட்சன்வில் பக்கம் காரில் போயிருப்பவர்களுக்குத் தெரியும். முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, குனிந்த முதுகு நிமிராமல் வரப்பு வரப்பாக நகர்ந்துகொண்டே இருப்பார்கள். ஃப்ரெஸ்னோ பக்கம் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், காட்டுத்தீப் புகை வந்து அடைத்துக்கொள்ளும், அப்போதும் திராட்சை பறித்தாக வேண்டும். குளிர்காலத்தில் லெட்டூஸ் சாகுபடி அரிசோனாவின் யூமாவுக்கு மாறும்போது பலர் குடும்பத்தோடு அங்கே போய், வசந்தத்தில் திரும்பி வருவார்கள்.

2020 மார்ச்சில் நாம் எல்லாம் வீட்டுக்குள் பூட்டிக்கொண்டு லேப்டாப்பில் வேலை பார்த்தோம். இவர்களை 'அத்தியாவசியத் தொழிலாளர்' பட்டியலில் சேர்த்தது இதே அரசாங்கம்தான். போலீஸ் நிறுத்தினால் காட்டச் சொல்லி முதலாளிகள் கையில் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். அப்புறம் ஆளுக்கு 1,200 டாலர் நிவாரணம் வந்தபோது பேப்பர் இல்லாதவர்களுக்கு ஒரு சென்ட் கிடையாது என்றார்கள். வரி கட்டியிருந்தாலும் கிடையாது. 2022-இல் மட்டும் பேப்பர் இல்லாத குடியேறிகள் கட்டிய வரி 9,670 கோடி டாலர் என்று வரிக்கொள்கையை ஆராயும் ஐடிஈபி என்ற அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. அதில் 2,570 கோடி சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதிய நிதிக்குப் போனது. அந்த ஓய்வூதியத்தை இன்றைய நிலையில் அவர்களால் வாங்கவே முடியாது. நம் அப்பா அம்மா வயதுக்காரர்களுக்கு மாதம் பிறந்தால் வரும் பணத்தில் இவர்கள் வியர்வையும் இருக்கிறது, இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

2024 மார்ச் 26 அதிகாலை பால்டிமோரில் கப்பல் மோதி பாலம் இடிந்து விழுந்ததே, அதில் செத்துப்போன ஆறு பேரும் நடுராத்திரியில் பாலத்தின் மேல் ரோட்டுப் பள்ளம் அடைத்துக்கொண்டிருந்தவர்கள். மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடார் நாடுகளிலிருந்து வந்தவர்கள். இவர்கள் வேலை அப்படிப்பட்டது, நாம் தூங்கும்போது நடந்து முடிந்துவிடும்.

"இவங்க இல்லன்னா உள்ளூர்க்காரனுக்கு நல்ல சம்பளம் கிடைக்குமே" என்பார்கள். 2011-இல் ஜார்ஜியா மாநிலம் பேப்பர் இல்லாதவர்களுக்கு எதிராகக் கடுமையான சட்டம் போட்டது. தொழிலாளர்கள் ஓடிப்போய் விளைச்சல் வயலிலேயே அழுகியது. நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்த குற்றவாளிகளை வெள்ளரி பறிக்க அனுப்பிப் பார்த்தார்கள், பலர் பாதி நாளிலேயே கிளம்பிவிட்டார்கள். அதற்கும் முன்னால், 1964-இல் மெக்சிகோ தொழிலாளர்களை ஒப்பந்தத்தில் அழைத்துவந்த பிரசேரோ திட்டத்தை நிறுத்தினார்கள். உள்ளூர் விவசாயக் கூலி அதனால் உயரவில்லை, தக்காளி பறிக்க எந்திரம் வந்தது. கூலியை அமுக்கி வைப்பது பயம். கூலியைக் குறைத்தாலும், தண்ணீர் தராவிட்டாலும் புகார் கொடுக்க முடியாத ஒருவர் பக்கத்து வரப்பில் நிற்கும்வரை, பேப்பர் இருப்பவருக்கும் பேரம் பேச வலு இருக்காது.

சரி, என்ன செய்யலாம்? சட்டத்திலேயே ஒரு கதவு இருக்கிறது. 'ரெஜிஸ்ட்ரி' என்று பெயர், 1929-இல் போட்டது. ஒரு குறிப்பிட்ட தேதிக்கு முன்பிருந்தே இங்கே தொடர்ந்து வாழ்ந்து, நன்னடத்தையோடு இருந்தால் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். அந்தத் தேதியை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1940, 1958, 1965, 1986 ஆகிய வருடங்களில் நாலு முறை முன்னுக்கு நகர்த்தியது. கடைசியாக வைத்த தேதி 1972 ஜனவரி 1. இன்றும் அதேதான்! 1990-இல் வந்து முப்பது வருடத்துக்கு மேல் வயலில் முதுகு உடைந்தவருக்குக்கூட அந்தக் கதவு திறக்காது. தேதியை நிலையாக வைக்காமல், ஏழு வருடம் வாழ்ந்தால் போதும் என்று மாற்ற 2022-இல் ஒரு மசோதா வந்தது, நிறைவேறவில்லை. 2013-இல் மேலவையான செனட் 68-க்கு 32 என்று நிறைவேற்றிய பெரிய குடியேற்றச் சீர்திருத்தத்தையே கீழவை ஓட்டெடுப்புக்கு எடுக்காமல் விட்டது.

"1986-இல் அதிபர் ரீகன் 27 லட்சம் பேருக்குப் பேப்பர் கொடுத்தாரே, மறுபடி வந்துட்டாங்களே" என்று கேட்பவர்களுக்கு: வந்தார்கள்தான், ஏனென்றால் அந்தச் சட்டம் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு வழி செய்தது, இனி வரவேண்டியவர்களுக்குப் போதிய வழி வைக்கவில்லை. அதனால்தான் இரண்டும் வேண்டும் என்கிறேன். ரெஜிஸ்ட்ரி தேதி நகர வேண்டும், முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமையோடு வருடம் முழுக்க வேலை செய்யும் விசாவும் வேண்டும்.

இன்னொன்று. இந்தியர்கள் வெள்ளையர் இல்லை, குடியுரிமைக்குத் தகுதி இல்லை என்று 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1946-இல் கதவு திறந்தபோது இந்தியா முழுவதற்கும் வருடத்துக்கு 100 பேர்! 1965 குடியேற்றச் சட்டம் வந்திராவிட்டால் நம்மில் பெரும்பாலோர் இங்கே இல்லை. நம்மை நசுக்கும், எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதக் கிரீன் கார்டுக்கு மேல் இல்லை என்ற வரம்பும், அவர்களைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தும் 1972 தேதியும் ஒரே சட்டப் புத்தகத்தில்தான் இருக்கின்றன. ஒன்று மாறினால் இன்னொன்று கெட்டுப்போகாது.

குடியுரிமை வாங்கி ஓட்டுப் போடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். தொகுதி காங்கிரஸ் உறுப்பினர் பொங்கல் விழாவுக்கோ கோவிலுக்கோ வரும்போது கிரீன் கார்டு வரம்பு பற்றிக் கேட்கிறோம் இல்லையா, கூடவே ரெஜிஸ்ட்ரி தேதியை எப்போது மாற்றப் போகிறீர்கள் என்றும் கேளுங்கள்.