சுண்ணாம்புக்கும் நம்பர் உண்டு

மூக்கையூர். மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. இந்த 61 நாளில் வலை பின்னுகிறவர்களால் ஊருக்குத் தொந்தரவு இல்லை. எதையாவது படித்துவிட்டு வருகிறவர்களால்தான். அந்தோணி இரண்டாவது வகை. ஜெயராணியின் ஆப்பக்கடையில் கூட்டம் குறையும் நேரம் பார்த்து வந்து உட்கார்கிறார்.

ஜெயராணி: என்ன கொழுந்தனாரே, விடியற்காலையிலேயே கையில் பாட்டில்?

அந்தோணி: சத்தம் போடாதீர்கள் மதினி, பங்குச்சாமியார் காதில் விழுந்துவிடப் போகிறது. இது பாகு. தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்தான். தடித்த தோசை மாதிரி ஒன்றைச் சுட்டு, அதன்மேல் இதை ஊற்றித்தான் காலையில் சாப்பிடுகிறார்களாம். ஒரு ஆப்பம் போடுங்கள், ஊற்றிப் பார்க்கலாம்.

ஜெயராணி: என் கடைக்கு வந்து என் கருப்பட்டிப் பாகை வேண்டாம் என்கிறீர்கள். போகட்டும். பாட்டிலில் என்ன இலை அது?

அந்தோணி: மேப்பிள் இலை. கனடாவில் அந்த மரத்தில் துளை போட்டு நீர் இறக்குவார்கள். சுமார் 40 லிட்டர் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும்.

ஜெயராணி: நாற்பதா! இங்கே பத்து லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோவுக்கு மேலேயே கருப்பட்டி வருகிறதே. அந்த ஊர்க்காரர்கள் பாவம், விறகுக்கே சொத்தை விற்க வேண்டும். சரி, இந்தப் பாட்டிலில் அந்த மரத்து நீர் எவ்வளவு?

அந்தோணி: (கண்ணாடியை மாட்டிக்கொண்டு) சோளப்பாகு. அதிக பிரக்டோஸ் சோளப்பாகு. தண்ணீர். செல்லுலோஸ் கோந்து. காரமெல் நிறம். உப்பு. செயற்கை மணம். சோடியம் பென்சோயேட்.

ஜெயராணி: மரம் எங்கே?

அந்தோணி: (பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு) படத்தில் இருக்கிறது.

ஜெயராணி: நல்லவேளை, உங்கள் தம்பி படம் பார்த்துப் பெண் எடுக்கவில்லை.

அந்தோணி: சிரிக்காதீர்கள். மதுரையில் உணவறிவியல் படிக்கிற என் மகளிடம் கேட்டேன். பிரேசிலில் கார்லோஸ் மொன்டெய்ரோ என்று ஒரு பேராசிரியர். அவரும் கூட இருந்தவர்களும் 2009 வாக்கில் உணவைச் செய்முறையை வைத்துப் பிரிக்கத் தொடங்கினார்கள். இப்போது அதில் நான்கு பிரிவு. நோவா முறை என்று பெயர். அரிசி, மீன், பால் எல்லாம் முதல் பிரிவு. சீனி, எண்ணெய், உப்பு, தேன் போன்ற சமையல் பொருள் இரண்டாவது. அசல் மேப்பிள் பாகும் அதில்தான். உப்புப் போட்ட கருவாடு மூன்றாவது. நான்காவதுதான் மிகைப்பதப்படுத்திய உணவு. இந்தப் பாட்டில் அங்கேதான் நிற்கிறது.

ஜெயராணி: அந்தக் கடைசி மருந்துக்காகவா? சோடியம் என்னவோ சொன்னீர்களே.

அந்தோணி: அங்கேதான் எல்லாரும் தப்பு செய்கிறார்கள். அது கெடாமல் இருக்கச் சேர்ப்பது. அது மட்டும் இருந்தால் நான்காவது ஆகாது. எந்த வீட்டு அடுப்படியிலும் இல்லாத பொருளைச் சேர்ப்பதும், இல்லாத நிறம், இல்லாத மணம், இல்லாத கெட்டித்தன்மையை இருப்பதுபோல் காட்டுவதும்தான் குற்றம். மக்காச்சோள மாவுச்சத்தை ஆலையில் நொதி விட்டு உடைத்து, இன்னொரு நொதியால் அதில் ஏறக்குறைய பாதியை பிரக்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றுகிறார்கள். உங்கள் வீட்டில் அந்த நொதி இருக்கிறதா?

ஜெயராணி: ஆப்ப மாவு புளிக்க ஈஸ்ட் இருக்கிறது. அதற்கே உங்கள் அண்ணன் கணக்குக் கேட்கிறார்.

அந்தோணி: அது பரவாயில்லை. ஆனால் உங்கள் கருப்பட்டியிலும் ஒரு சங்கதி இருக்கிறது. பதநீர்க் கலயத்துக்குள் என்ன தடவுகிறார்கள்?

ஜெயராணி: சுண்ணாம்பு. தடவாவிட்டால் வெயில் ஏறுவதற்குள் கள்ளாகிவிடும். அப்புறம் போலீஸ் வரும்.

அந்தோணி: அந்தச் சுண்ணாம்புக்கும் உணவுச் சேர்க்கைப் பட்டியலில் நம்பர் இருக்கிறது. 526!

(ஜெயராணியின் கையிலிருந்த ஆப்பச்சட்டி பாதியில் நிற்கிறது.)

ஜெயராணி: என் அப்பன், பாட்டன் தடவிய சுண்ணாம்புக்கா? யாரைக் கேட்டு நம்பர் போட்டார்கள்?

அந்தோணி: அதைத்தான் கேட்கிறேன். உங்கள் பாகும் நான்காவதுதானோ?

ஜெயராணி: உங்கள் படகில்கூட நம்பர் எழுதியிருக்கிறது. அதற்காக அது பஸ் ஆகிவிட்டதா, சாயல்குடிக்கு டிக்கெட் கொடுக்கிறீர்களா?

அந்தோணி: (சற்று யோசித்து) மகளும் இதையேதான் சொன்னாள். நம்பர் இருந்தால் மட்டும் நான்காவது ஆகிவிடாதாம். ஆனால் இன்னொன்றும் சொன்னாள்: இந்த முறை செய்முறையைத்தான் பார்க்கிறது, இனிப்பை அளப்பதில்லை. கருப்பட்டிப் பாகும் சர்க்கரைதான். பதநீரில் இருந்தது கொதித்துச் சுண்டி நிற்கிறது, அவ்வளவுதான்.

ஜெயராணி: ஓ! அதனால்தான் மூன்று ஆப்பத்துக்கு மூன்று கரண்டி வாங்கிவிட்டு, நான்காவதற்கு ‘கொஞ்சமாக ஊற்றுங்கள்’ என்கிறீர்களா?

அந்தோணி: நாட்டு மருந்து என்று நினைத்துச் சாப்பிட்டேன்.

ஜெயராணி: உங்கள் சர்க்கரை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். முகம் சுளிக்கிறீர்களே, என்ன?

அந்தோணி: மதினி, கோபப்படக் கூடாது. உங்கள் பாகில் வெறும் தித்திப்புதான் இருக்கிறது. கருப்பட்டி என்றால் நாக்கில் கொஞ்சம் கரிக்க வேண்டும். இதில் பனையின் வாசமே இல்லை.

(ஜெயராணி பானையிலிருந்து ஒரு கட்டியை எடுக்கிறார். சிரட்டையில் வார்த்த வடிவம் அப்படியே இருக்கிறது. உடைத்தால் உள்ளே வெளுத்து, மணல்மணலாக மினுங்குகிறது.)

ஜெயராணி: சீனி போட்டுக் காய்ச்சியிருக்கிறான்! ‘தோப்பிலிருந்து நேராக வருகிறது அக்கா’ என்று மாதா மேல் சத்தியம் செய்தான் அந்த வியாபாரி.

அந்தோணி: இதுதான் வேடிக்கை. பாட்டில்காரன் தான் செய்ததையெல்லாம் வரிசையாக, எடை அதிகமானதை முதலில் போட்டு எழுதியிருக்கிறான். இந்தக் கட்டியில் ஒரு எழுத்துகூட இல்லை.

ஜெயராணி: இது எத்தனையாவது பிரிவு?

அந்தோணி: சீனி இரண்டாவது, கருப்பட்டியும் இரண்டாவது. இரண்டையும் கலந்து காய்ச்சினாலும் இரண்டாவதை விட்டு வெளியே போகாது என்றுதான் நினைக்கிறேன்.

ஜெயராணி: அப்படியென்றால் அவன் தப்பித்துவிட்டானா?

அந்தோணி: பிரேசில் கணக்கில் தப்பித்துவிட்டான்.

ஜெயராணி: சனிக்கிழமை பணம் வாங்க வருவான். நீங்களும் வாருங்கள் கொழுந்தனாரே, கண்ணாடியை மறக்காமல் கொண்டுவாருங்கள். அவன் தலையில் நான் போடப்போகும் நம்பரை நீங்கள்தான் வாசிக்க வேண்டும்.