கடற்காற்று பத்து மணிக்கு வரும், பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்கும்

வகுப்பறைக் காற்றைப் பற்றித் திருகோணமலையில் பேச்செடுத்தால் முதலில் வரும் பதில், "சுத்திவரக் கடல், எங்களுக்கென்ன காத்துக்குப் பஞ்சமா?" என்பதுதான். இந்த நம்பிக்கைதான் எங்கள் பிள்ளைகளின் நெஞ்சைக் கெடுக்கிறது.

இரவில் தரை கடலைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதனால் விடியப்புறத்தில் தரையிலிருந்து கடலுக்கு மெல்லிய காற்றுத்தான் போகும். நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடப்பதால் புகை மேலே எழும்பாது. வெயில் ஏறித் தரை சூடானபின், பெரும்பாலும் ஒன்பது பத்து மணிக்குமேல்தான் கடற்காற்று உள்ளே வரும். பாடசாலை நேரம் 7.30 முதல் 1.30 வரை. அதில் முதல் இரண்டு மணித்தியாலமும் பிள்ளைகள் அசையாத காற்றுக்குள் இருக்கிறார்கள். நாளின் மோசமான தூசியையும் புகையையும் நாங்கள் கிளப்பிவிடுவதும் அதே நேரத்தில்தான்.

ஆறே முக்காலுக்கு வளவு கூட்டிச் சருகுக்கு நெருப்பு வைக்கிறோம். ஏழு மணிக்குப் பிள்ளைகள் தும்புத்தடியால் வகுப்பைக் கூட்டுகிறார்கள். ஏழேகாலுக்கு வாசலில் வான்களும் ஓட்டோக்களும் எஞ்சினை நிறுத்தாமல் நிற்கின்றன. பெரியவர்களின் மூக்கைவிட முதலாம் ஆண்டுப் பிள்ளையின் மூக்குத்தான் புகைக்குழாய்க்குக் கிட்ட இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு காலைக் கூட்டத்துக்கு வரிசையாக நிறுத்தி ஆழமாக மூச்செடுத்துப் பாடச் சொல்கிறோம்.

கூட்டுவதைக் கொஞ்சம் விபரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. கிழக்கு யன்னலால் வெயில் கீற்று விழும்போது, அப்போதுதான் கூட்டி முடித்த வகுப்பைப் பாருங்கள். கீற்றுக்குள் தூசி மிதந்துகொண்டே இருக்கும். 10 மைக்ரோமீற்றர் தூசி அசையாத காற்றில் ஒரு மீற்றர் கீழே இறங்க ஐந்தாறு நிமிடம் எடுக்கும். 2.5 மைக்ரோமீற்றர் தூசிக்கு, அதன் கனத்தைப் பொறுத்து, அரை மணி முதல் ஒன்றரை மணி வரை செல்லும். நாற்பது பிள்ளைகள் நடமாடி, மேலே ஃபேனும் சுழன்றால் அது இறங்கவே இறங்காது. இந்த 2.5 மைக்ரோமீற்றர் நுண்துகள் தலைமுடியின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் அதை மறிக்க மாட்டாது, நேரே நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போய்விடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கூட்டுவதைக் காலையிலிருந்து 1.30க்குப் பிறகு மாற்றுங்கள், மிச்சத் தூசி இரவோடு படிந்துவிடும். கூட்டும்போது ஃபேனை நிறுத்தி எல்லா யன்னலையும் திறவுங்கள். ஒரு சிறிய வாளி மரத்தூளில் தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. அதைப் பின்சுவரிலிருந்து வாசல்வரை தூவி, தும்புத்தடியைத் தூக்கி வீசாமல் நிலத்தோடு இழுத்துக் கூட்டுங்கள். வெறும் தண்ணீர் தெளித்தால் சீமெந்துத் தரையின் வெடிப்புகளில் சேறாகிக் காய்ந்து அடுத்த நாள் திரும்பவும் பறக்கும், பலர் கைவிடுவது இதனால்தான். காலையில் மேசை கதிரையை ஈரத்துணியால் துடைத்தால் போதும். முட்டு, தொய்வு (ஆஸ்துமா) உள்ள பிள்ளையைக் கூட்டும் முறைப்பட்டியலில் போடவே கூடாது. கரும்பலகையையும் ஈரத்துணியால் மேலிருந்து கீழே துடையுங்கள். டஸ்டரைச் சுவரில் தட்டுவதை நிறுத்துங்கள், அந்தத் தூள் முன்வரிசைப் பிள்ளைகளுக்குத்தான் போகிறது.

சருகு எரிப்பதில் சமரசமே இல்லை. பச்சையும் காய்ந்ததும் கலந்த குவியல் சுவாலை விட்டு எரியாது, புகைந்துகொண்டே இருக்கும். குறை எரிதல்தான் காபன் மொனொக்சைட்டையும் நுண்துகளையும் அதிகமாகத் தரும். அதற்குள் சாப்பாடு சுற்றிய லஞ்ச் ஷீற்றும் யோகட் கோப்பையும் சேர்ந்தால் அது நஞ்சுப் புகை. பிளாஸ்ரிக் உட்படக் குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதைத் தடைசெய்து 2017 செப்டெம்பரிலேயே வர்த்தமானி வந்துவிட்டது, பாடசாலை வளவுக்கு அதில் விலக்கு இல்லை. நாலு கம்பு நட்டு, பழைய மீன்வலையைச் சுற்றி, மூன்று அடிக்கு மூன்று அடி கூடு ஒன்று செய்யுங்கள். ஒரு சாண் சருகு, மேலே ஒரு கை மண் அல்லது மாட்டெரு, கொஞ்சம் தண்ணீர், திரும்பவும் சருகு. இரண்டு கிழமைக்கொருமுறை கிளறினால் ஒரு தவணைக்குள் பாதி உக்கிவிடும். நாறினால் தண்ணீர் கூடிவிட்டது, உக்காமல் கிடந்தால் ஈரம் போதாது. பழுதாகிறது என்றால் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம்.

வாசலுக்கு ஒரு கயிறு போதும். நூறு மீற்றர் தள்ளி இறக்கிவிட்டு நடந்து வரச் சொல்லுங்கள், காத்திருப்பவர்கள் எஞ்சினை நிறுத்தட்டும்.

அடுத்து, இப்போது பெருமையாகத் திறந்துவைக்கப்படும் ஏசி போட்ட ஸ்மார்ட் வகுப்பறை. சுவரில் மாட்டும் ஏசி வெளிக்காற்றை உள்ளே எடுக்காது. அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பக் குளிராக்கும். அதிலுள்ள வலை பெரிய தூசியைப் பிடிக்கும், நுண்துகளை விட்டுவிடும். 20 அடிக்கு 20 அடி, 10 அடி உயர அறையில் நாற்பது பிள்ளைகளை இருத்திக் கணக்குப் பாருங்கள். அறையின் கொள்ளளவு சுமார் 113 கன மீற்றர். அத்தனை பேரும் ஒரு மணித்தியாலத்தில் வெளிவிடும் காபனீரொட்சைட்டு ஏறக்குறைய 500 லீற்றர். வெளியே அதன் அளவு 420 பிபிஎம் (காற்றின் பத்து இலட்சம் பங்கில் 420 பங்கு) அளவில் இருக்கும். எல்லாவற்றையும் பூட்டினால் பத்து நிமிடத்துக்குள் உள்ளே, காற்றோட்டம் போதாது என்பதற்கு அடையாளமாகக் கொள்ளும் 1000 பிபிஎம்மைத் தாண்டும். பாடவேளை நாற்பது நிமிடம். பிள்ளை கொட்டாவி விடுவதும் தலையிடி என்பதும் பாடத்தில் விருப்பமில்லாததால் என்று திட்டாதீர்கள். காபனீரொட்சைட்டு தேங்குகிறது என்றால் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் எடுக்கிறார் என்று அர்த்தம். தடிமனும் காய்ச்சலும் அந்த வழியால்தான் வகுப்பு முழுக்கப் பரவுகிறது.

அதே அறையில் 1000ஐத் தாண்டாமல் வைத்திருக்க, மணிக்கு ஏழு எட்டுத் தடவை காற்று முழுதாக மாற வேண்டும். ஏசி கட்டாயம் என்றால், மணிக்கு 900 கன மீற்றருக்குக் குறையாத எக்சோஸ்ற் ஃபேனை வாசலுக்கு எதிர்ச்சுவரில் உயரத்தில் பூட்டுங்கள். அளவு பெட்டியிலேயே இருக்கும். வாசலுக்குப் பக்கத்தில் பூட்டினால் வருகிற காற்று அப்படியே குறுக்கால் போய்விடும், பின்வரிசைக்கு ஒன்றும் கிடைக்காது. கரன்ட் பில் கூடும் என்பார்கள், கூடட்டும். அளந்து பார்க்கிறவர்கள் அகச்சிவப்பு முறையில் அளக்கும் மீற்றரை வாங்குங்கள். மலிவானவற்றில் பல, வேறு வாயுக்களைப் பார்த்துக் காபனீரொட்சைட்டு எண்ணை ஊகித்துக் காட்டுபவை.

என் கருத்து, எங்கள் ஊருக்கு அரைச்சுவரும் கிறிலும் போட்ட பழைய வகுப்பறையைவிட நல்லது கிடையாது. ஆனால் அதையும் அடைத்துவிட்டோம். ஒரு பக்கம் அலுமாரி, மறுபக்கம் கிறில் முழுக்கப் படமும் சார்ட்டும். எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் திறந்திருந்தால்தான் காற்று ஊடறுத்து ஓடும். அலுமாரியை மூலைச்சுவருக்குத் தள்ளுங்கள்.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். வைகாசி, ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது காற்று கடலிலிருந்து வராது, காய்ந்த தரைத் தூசியை அள்ளிக்கொண்டு மேற்கிலிருந்து வரும். அப்போது மேற்கு யன்னலைச் சாத்திக் கிழக்கைத் திறவுங்கள், விளையாட்டுப் பயிற்சியைக் காலையோடு முடியுங்கள். அறுவடை முடிந்து தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வைக்கோல் எரிக்கும் நாட்களும் இப்படித்தான். வாடைக் காலத்தில் மழைக்குப் பயந்து பூட்டிவைப்பதால் சுவரில் பூஞ்சணம் ஏறும். அதன் மேலே பெயின்ற் அடிப்பது வீண் செலவு, ஒழுக்கை முதலில் அடையுங்கள்.

வாடையோடு தூரத்துப் புகையும் வரும். 2022 டிசம்பர் 9ஆம் திகதி நாடு முழுவதும் அரச பாடசாலைகள் மூடப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். மாண்டஸ் புயல் நேரத்தில் இந்தியப் பக்கமிருந்து அழுக்குக் காற்று இழுபட்டு வந்திருந்தது. நுண்துகளுக்கு உலக சுகாதார அமைப்பு 2021இல் வைத்த 24 மணிநேர எல்லை கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராம். எங்கள் நாட்டின் 2008ஆம் ஆண்டு நியமம் 50. ஆகவே "எல்லைக்குள்தான் இருக்கிறது" என்று அறிவித்தால், எந்த எல்லைக்குள் என்று கேளுங்கள்.

பிள்ளை உடல் எடைக்குப் பெரியவரைவிடக் கூடுதலான காற்றை எடுக்கிறது. நுரையீரல் பதின்வயது முடியும்வரை வளர்கிறது. தென் கலிபோர்னியாவில் 1990களிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தொடர்ந்து அளந்தபோது, அழுக்குக் காற்றில் வளர்ந்தவர்களின் நுரையீரல் வளர்ச்சி குறைந்திருந்தது. காற்றைச் சுத்தமாக்கிய பிறகு வந்த பிள்ளைகளுக்கு அது கூடியதும் தெரிந்தது. அந்த இரண்டாவது முடிவுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பின்னேர ரியூசன் கொட்டில்களை விடவே முடியாது. தகரக் கூரை, வாங்குக்கு ஆறு பேர், காலடியில் நுளம்புச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடிய வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு அளந்து காட்டியது. சுருளை எடுத்துவிட்டு நிலத்தோடு ஒரு பெடஸ்டல் ஃபேனை ஓடவிடுங்கள். பலமான காற்றில் நுளம்பு பறக்கத் திணறும்.

முட்டு வருகிற பிள்ளைக்கு வகுப்பாசிரியர் செய்ய வேண்டியதையும் எழுதி ஒட்டுங்கள். படுக்க வைக்காமல் நிமிர்த்தி இருத்த வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துள்ள நீலப் பம்பை (இன்ஹேலர்) எடுத்துக் குலுக்கி, ஸ்பேசரில் (வாயில் வைத்து மூச்செடுக்கும் பிளாஸ்ரிக் குழாய்) பூட்டி ஒரு தடவை அமத்தி, நாலு மூச்சு. இப்படி நாலு தடவை. நாலு நிமிடம் பார்த்துக் குறையாவிட்டால் திரும்பவும் நாலு. அப்போதும் இளைப்பு நிற்காவிட்டால் 1990க்கு அடித்துவிட்டு, அம்புலன்ஸ் வரும்வரை இதையே தொடருங்கள். பேச முடியாமல் திணறினாலோ உதடு நீலித்தாலோ முதலிலேயே 1990. பம்ப் பழக்கமாகிவிடும் என்ற பயத்தில் அதை வீட்டில் வைத்துவிட்டு அனுப்பும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அது பிள்ளையின் புத்தகப் பையின் முன் பையில், பிள்ளைக்குத் தெரிந்த இடத்தில் இருக்க வேண்டும்.