கூஃபாக்ஸ் பந்து வீசாத 32 நாட்கள்

அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் சாண்டி கூஃபாக்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கதைகளையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். யூதர்களின் புனித நோன்பு நாளான யோம் கிப்பூர் அன்று வந்ததால், 1965 உலகத் தொடரின் (ஆண்டின் வாகையரைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) முதல் ஆட்டத்தில் பந்து வீச மறுத்தது ஒன்று. புகழின் உச்சியில் இருந்தபோது, 30 வயதிலேயே ஓய்வு பெற்றது மற்றொன்று. இரண்டும் போற்றத்தக்கவைதான். ஆனால் அவருடைய வாழ்க்கையில் எனக்கு முதன்மையாகப் படுவது, 1966 வசந்த காலத்தில் பயிற்சி முகாமுக்குப் போகாமல் அவர் விலகி நின்ற 32 நாட்கள்.

புரூக்ளினில் பிறந்த இடதுகைப் பிட்சர் (பந்து வீசுபவர்) அவர். 1955-இல், 19 வயதில், டாட்ஜர்ஸ் அணிக்கு ஆடத் தொடங்கினார். அதிக முன்பணம் பெற்ற புதியவர்களை இரண்டாண்டுகள் முதன்மை அணியிலேயே வைத்திருக்க வேண்டும் என்ற அக்கால விதியால், சிறிய லீக்குகளில் ஆடிப் பழகும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. முதல் ஆறு ஆண்டுகளில் 36 வெற்றி, 40 தோல்வி. 1961 பயிற்சிக் காலத்தில், வேகத்தைச் சற்றுக் குறைத்து வீசிப் பார் என்று சக ஆட்டக்காரர் நார்ம் ஷெர்ரி சொன்ன பிறகுதான் பந்து அவர் சொற்படி கேட்டது. 1962 முதல் 1966 வரை 111 வெற்றி, 34 தோல்வி. 1965-இல் மட்டும் 382 ஸ்ட்ரைக்-அவுட் (மட்டையாளரைப் பந்தை அடிக்கவிடாமல் வெளியேற்றுவது).

இதற்கான விலையை அவருடைய முழங்கை கொடுத்தது. கிரிக்கெட் பந்துவீச்சாளரைப் போலன்றி, பிட்சர் முழங்கையை மடக்கி, சாட்டையைச் சுழற்றுவது போல வீசுகிறார். ஒவ்வொரு வீச்சின் அதிர்வும் அந்த மூட்டில்தான் போய் இறங்கும். 1965-இன் தொடக்கத்தில் கூஃபாக்ஸின் கை வீங்கிக் கன்றிப்போனது; மூட்டு தேய்ந்துவிட்டது என்று மருத்துவர் ராபர்ட் கெர்லன் கண்டறிந்தார். அதன்பின் கார்ட்டிசோன் ஊசி, பந்தயக் குதிரைகளுக்கும் கொடுக்கப்பட்ட பூட்டசோலிடின் மாத்திரை, மிளகாயின் காரச் சத்து கலந்த கேப்சோலின் களிம்பு, ஆட்டம் முடிந்ததும் பனிக்கட்டி நீரில் முழங்கை என்று நாட்கள் ஓடின. (மிளகாய் எரிச்சலோடு ஓர் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸும் வீசுவதை நம்மால் ஓரளவு கற்பனை செய்ய முடியும்.) கையை முழுவதுமாக நீட்ட முடியாமல் போகவே, கோட்டின் இடது கையைத் தையற்காரரிடம் கொடுத்துக் குட்டையாக்கிக்கொண்டார். அந்த ஆண்டில்தான் 335 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், இரண்டே நாள் ஓய்வுக்குப் பின், மினசோட்டா அணியை ஓர் ஓட்டம்கூட எடுக்கவிடாமல் வென்றார்.

டாட்ஜர்ஸ் மைதானத்துக்கு அந்த ஆண்டு வந்த பார்வையாளர்கள் 25 லட்சத்துக்கும் மேல். ஆனால் சம்பளப் பேச்சென்று வந்தால் ஆட்டக்காரருக்கு எந்தப் பிடியும் கிடையாது. ரிசர்வ் கிளாஸ் என்ற விதியின்படி ஒப்பந்தம் முடிந்தாலும் அவர் அதே அணிக்கே உரியவர். கொடுப்பதை வாங்கிக்கொண்டு ஆடலாம், இல்லையேல் ஆட்டத்தையே விட்டுவிடலாம். பொது மேலாளர் பஸி பவாசி, கூஃபாக்ஸிடம் பேசும்போது, அணியின் மற்றொரு பிட்சரான டான் டிரைஸ்டேல் குறைவாகத்தான் கேட்கிறார் என்பார். டிரைஸ்டேலிடம் அதையே மாற்றிச் சொல்வார். இருவரும் ஒருநாள் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. சேர்ந்தே பேசுங்கள் என்று யோசனை சொன்னவர் டிரைஸ்டேலின் மனைவி ஜிஞ்சர். இருவருக்கும் சேர்த்து மூன்றாண்டுகளுக்குப் பத்து லட்சம் டாலர் கேட்டார்கள். ஒருவர் இல்லாமல் மற்றவர் கையெழுத்திட மாட்டார் என்று சொல்லி, 32 நாட்கள் பயிற்சி முகாமுக்குப் போகாமல் நின்றார்கள். கடைசியில் கூஃபாக்ஸுக்கு 1,25,000 டாலரும் டிரைஸ்டேலுக்கு 1,10,000 டாலரும் கிடைத்தன. மூன்றாண்டு ஒப்பந்தம் கிடைக்கவில்லை.

கேட்டது முழுவதும் கிடைக்காததால் இதைத் தோல்வி என்று கருதுவோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாட்டின் மிகச் சிறந்த பிட்சரே தனியாகப் போனால் ஏமாற்றப்படுகிறார் என்பதும், இருவர் சேர்ந்து நின்றாலே உரிமையாளர் இறங்கி வருகிறார் என்பதும் அந்த 32 நாட்களில் மற்ற ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்துபோயின. அதே 1966-இல்தான் தொழிற்சங்க அனுபவம் மிக்க மார்வின் மில்லர் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைமைக்கு வந்தார்.

அதே கையோடு கூஃபாக்ஸ் அந்த ஆண்டு 323 இன்னிங்ஸ் வீசி 27 ஆட்டங்களில் வென்றார். நவம்பர் 18 அன்று ஓய்வை அறிவித்தார். கை ஊனமாகும் முன் விலக வேண்டும் என்று கணக்குப் போட்ட ஒரு தொழிலாளியின் முடிவு அது. அதற்குத் துறவியின் ஒளிவட்டம் சூட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1975 டிசம்பரில், ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவரான பீட்டர் சைட்ஸ் அளித்த தீர்ப்பு ரிசர்வ் கிளாஸை உடைத்தது. வழக்கில் வென்ற ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்நாலி இருவருமே பிட்சர்கள். மெஸ்ஸர்ஸ்மித் டாட்ஜர்ஸ் அணியைச் சேர்ந்தவர். அடுத்து வந்த ஒப்பந்தத்தில், கூஃபாக்ஸ், டிரைஸ்டேல் செய்தது போல ஆட்டக்காரர்கள் கூட்டுச் சேரக் கூடாது என்று உரிமையாளர்கள் கேட்டார்கள். அப்படியானால் நீங்களும் கூடாது என்று சங்கம் எழுதி வாங்கிக்கொண்டது. 1980-களில் உரிமையாளர்கள் இரகசியமாகக் கூடி ஆட்டக்காரர்களின் சம்பளத்தை அமுக்கியபோது அந்த வரியே அவர்களைப் பிடித்தது. 1990-இல் ஆட்டக்காரர்களுக்கு 28 கோடி டாலர் கொடுத்து அவர்கள் சமரசம் செய்துகொண்டார்கள்.