இவெத்தா ராடிச்சோவா: ஆட்சி கையில், கட்சி வேறொருவர் கையில்

பேராசிரியர்கள் அரசியலில் தாக்குப்பிடிக்க மாட்டார்கள் என்பதற்கு ஸ்லோவாக்கியாவின் இவெத்தா ராடிச்சோவாவை உதாரணம் காட்டினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2010 ஜூலையில் பிரதமரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். 15 மாதங்களில் நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆட்சி கவிழ்ந்தது. உண்மைதான். ஆனால் கவிழ்த்தது அவருடைய படிப்பு அல்ல.

1956இல் பிராத்திஸ்லாவாவில் பிறந்தவர். கொமேனியஸ் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து 1979இல் அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். கம்யூனிச ஆட்சியை வீழ்த்திய 1989 புரட்சிக்குப் பின் 'வன்முறைக்கு எதிரான பொதுமக்கள்' இயக்கத்தில் பணி, இடையே ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு, பிறகு சமூகக் கொள்கையை ஆராயும் ஒரு மையத்தை நிறுவி பத்தாண்டுக்கு மேல் நடத்தினார். 2005இல் சமூகவியல் பேராசிரியை. அதே ஆண்டு அக்டோபரில் பிரதமர் மிக்குலாஷ் சுரிந்தாவின் அமைச்சரவையில் தொழிலாளர், சமூக நலம், குடும்பத் துறை. வறுமையையும் குடும்ப உதவித்தொகையையும் ஆராய்ந்தவரிடம் அதே துறை வந்தது.

2006இல் சுரிந்தாவின் எஸ்.டி.கே.யூ. கட்சிப் பட்டியலில் நாடாளுமன்றம் போனார். இந்தப் பட்டியல் முறை புரியாமல் அவர் கதை புரியாது. அங்கே தனித்தனித் தொகுதிகள் கிடையாது. நாடு முழுவதும் ஒரே தொகுதி, 150 இடம். வாக்காளர் ஒரு கட்சியைத் தேர்ந்து, அதன் பட்டியலில் நான்கு பேர் வரை வட்டமிடலாம். கட்சி பெற்ற வாக்குகளில் 3% பேர் ஒருவரை வட்டமிட்டிருந்தால் அவர் வரிசையைத் தாண்டி முன்னே வருவார். 2010இல் சாஸ் என்ற கட்சியின் (பின்னர் ராடிச்சோவாவின் கூட்டணியில் சேர்ந்தது) பட்டியலின் கடைசி நான்கு இடங்களில், 147 முதல் 150 வரை இருந்தவர்கள் இப்படித்தான் வென்றார்கள். வெளியிலிருந்து வரும் ஒரு பேராசிரியருக்கு இது பெரிய வாசல். ஆனால் வட்டம் நாற்காலியைத்தான் தரும். கட்சியின் மாவட்டக் கிளைகளும் பொதுக்குழுவும் அதோடு சேர்ந்து வந்துவிடாது.

2009 ஏப்ரல் 4. அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் பதவியில் இருந்த இவான் காஷ்பரோவிச்சிடம் 44.47% பெற்றுத் தோற்றார். அவ்வளவு வாக்கு வாங்கியவர் அதே மாதம் நாடாளுமன்ற இடத்தையே விட்டு விலகினார். அவையில் இல்லாத சக உறுப்பினர் ஒருவருக்காக வாக்குப் பொத்தானை அழுத்தியிருந்தார். அந்நாட்டு அரசமைப்பின் 73ஆம் பிரிவு, உறுப்பினர் தம் பொறுப்பைத் தாமே நேரில், மனசாட்சிப்படி செய்ய வேண்டும் என்கிறது. மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். எழுந்து போனார். அரசியலில் அவர் செய்தவற்றில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

அடுத்த ஆண்டே திரும்பி வந்தார். கட்சி நிதி குறித்த சர்ச்சையால் சுரிந்தா தேர்தலில் முன்னிற்கவில்லை. உட்கட்சித் தேர்தலில் இவான் மிக்லோஷை வென்று ராடிச்சோவா பட்டியலுக்குத் தலைமை ஏற்றார். கவனியுங்கள், பட்டியலுக்குத்தான். கட்சித் தலைவராக சுரிந்தாவே தொடர்ந்தார், பின்னர் ராடிச்சோவா அமைச்சரவையிலேயே வெளியுறவு அமைச்சராகவும் உட்கார்ந்தார். என் கணக்கில் முடிச்சு விழுந்தது இங்கேதான். அமைச்சரவைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறவருக்குக் கீழே அவருடைய கட்சித் தலைவர் உட்கார்ந்திருந்தால், கூட்டணிக் கட்சிகள் பேரம் பேச யாரிடம் போகும்?

2010 ஜூன் தேர்தலில் அப்போதைய பிரதமர் ராபர்ட் ஃபிட்சோவின் ஸ்மேர் கட்சி 34.79% பெற்று 62 இடங்களோடு முதலிடம். எஸ்.டி.கே.யூ.வுக்கு 28 மட்டுமே. ஆனால் ஃபிட்சோவின் கூட்டாளியான மெச்சியார் கட்சி 4.32%இல் நின்றுவிட, 5% தடுப்பைத் தாண்டாமல் வெளியே போனது. சாஸ் 22, கிறிஸ்தவ ஜனநாயகர்கள் 15, மோஸ்ட்-ஹீட் 14 சேர ராடிச்சோவாவிடம் 79. பெரும்பான்மைக்கு வேண்டியது 76. நான்கு பேர் நழுவினால் ஆட்சி இல்லை. அந்த நழுவல் சீக்கிரமே தெரிந்தது. அரசுத் தலைமை வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும் ரகசிய வாக்கெடுப்பில் கூட்டணிக்குள்ளிருந்தே வாக்குகள் எதிர்ப்பக்கம் போயின. பிறகு யோசெஃப் செந்தேஷைத் தேர்ந்தெடுத்தார்கள். அதிபர் அவரை நியமிக்கவே இல்லை.

2011 அக்டோபர் 11க்கு வருவோம். கடனில் சிக்கிய யூரோ நாடுகளுக்கு உதவும் மீட்பு நிதியை விரிவாக்க, அப்போது யூரோவைப் பயன்படுத்திய 17 நாடுகளும் ஒப்ப வேண்டும், கடைசியாக நின்றது ஸ்லோவாக்கியா. அதன் உத்தரவாதப் பங்கு 437 கோடி யூரோவிலிருந்து 770 கோடியாகும். சாஸ் தலைவரும் அவைத் தலைவருமான ரிச்சர்ட் சூலிக் மறுத்தார். பணக்கார நாடுகளின் கடனுக்கு ஏழை நாடு ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்பது அவர் வாதம். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கிரேக்கத்துக்கான கடனை இதே கூட்டணி 2010 ஆகஸ்டில் மறுத்திருந்தது.

அரசமைப்பின் 114ஆம் பிரிவுப்படி, ஒரு மசோதாவோடு அரசின் மீதான நம்பிக்கையையும் சேர்த்து வாக்குக்கு விடலாம். ராடிச்சோவா அதைச் செய்தார். சாஸை வழிக்குக் கொண்டுவர இருந்த ஒரே கருவி அது. ஆனால் அதன் இன்னொரு முனை எதிர்க்கட்சியின் கையில். நம்பிக்கையும் சேர்ந்துவிட்டதால், மீட்பு நிதியை ஏற்கிற ஸ்மேரும் ஆதரவு தராமல் இருக்கலாம், பழியும் வராது. ஆதரவு 55, எதிர்ப்பு 9, மற்றவர்கள் ஆதரிக்கவில்லை. வேண்டிய 76 கிடைக்காததால் ஆட்சி விழுந்தது. இரண்டே நாளில், முன்கூட்டிய தேர்தலை விலையாகப் பெற்றுக்கொண்டு ஸ்மேர் கைதூக்க, அதே மசோதா 114 வாக்குகளோடு நிறைவேறியது.

கணக்குத் தெரியாமல் அவர் இறங்கவில்லை என்றே நினைக்கிறேன். தான் பதவியில் இருப்பதா, நாடு யூரோ வட்டத்தில் தனித்து நிற்காமல் இருப்பதா என்ற இடத்தில் இரண்டாவதைத் தேர்ந்தார். கட்சியும் அவர் கையில் இருந்திருந்தால், இந்தப் பேச்சை அக்டோபர் வரை இழுக்காமல் கோடையிலேயே முடித்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

2012 மார்ச் தேர்தலில் அவர் நிற்கவில்லை. அதற்குள் 'கொரில்லா' என்ற ஒட்டுக்கேட்புக் கோப்பு வெளியாகி, சுரிந்தாவின் இரண்டாம் ஆட்சிக்கால விவகாரங்களைத் தெருவுக்குக் கொண்டுவந்திருந்தது. எஸ்.டி.கே.யூ. 28இலிருந்து 11க்கு இறங்கியது. ஸ்மேர் தனியாகவே 83. ராடிச்சோவா கல்வித்துறைக்குத் திரும்பினார்.

அந்தக் குறுகிய ஆட்சியில் நீதி அமைச்சர் லூசியா ஜித்னியான்ஸ்கா கொண்டுவந்த ஒப்பந்தச் சட்டம் 2011 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொதுப்பணம் தொடர்பான ஒப்பந்தம் இணையத்தில் வெளியான மறுநாள்தான் செல்லத் தொடங்கும். மூன்று மாதத்துக்குள் வெளியாகவில்லையென்றால் அப்படியொரு ஒப்பந்தமே போடப்படவில்லை என்று பொருள்.