எமிலியின் சுருள்முடியும் ஆலிஸின் கவுன் துணியும்

பழைய குடும்பப் படங்களைச் செயலியில் கொடுத்து வண்ணம் பூசி, சுருக்கம் நீக்கி, தாத்தாவை இமைக்கவைத்து, பாட்டியைச் சிரிக்கவைத்துப் பகிர்வது இப்போது பரவலாகிவிட்டது. அதைப் பார்த்து அம்மா அழுதுவிட்டார் என்று எழுதுகிறவர்களின் உணர்வை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் இந்த வழக்கம் வேண்டாம் என்றே சொல்வேன். பழைய படத்துக்குத் தேவைப்படுவது சொல். இந்த எண்ணம் எனக்கு வலுப்பட்டது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கவிதைகளைப் படித்தபோதுதான். புகைப்படம் வீட்டுக்குள் நுழைந்த முதல் தலைமுறையில் எழுதியவர்கள் அவர்கள். படம் எதைத் தரும், எதைத் தராது என்பதை நம்மைவிடக் கூர்மையாகப் பார்த்தவர்கள்.

கவிஞர் எமிலி டிக்கின்சனுக்குக் குழந்தைப் பருவம் கடந்தபின் எடுத்ததாக ஐயமின்றி ஏற்கப்பட்டிருக்கும் புகைப்படம் ஒன்றே ஒன்றுதான். 1846 இறுதியிலோ 1847 தொடக்கத்திலோ எடுத்தது. அவருக்கு வயது 16. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் நேரடியாகப் பதியும் டாகுரோடைப் படம் அது. நெகட்டிவ் கிடையாது. தகடு கண்ணாடிபோல் பளபளப்பதால் கையில் சற்றே சாய்த்துப் பிடித்தால்தான் முகம் தெரியும். கருநிற உடை, கழுத்தில் ரிப்பன், நடுவகிடு எடுத்துப் படிய வாரிய தலை, கையில் சில பூக்கள், பக்கத்து மேசையில் ஒரு புத்தகம்.

வீட்டாருக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. சாயலே இல்லை என்பது அவர்களின் குறை. எமிலி 1886இல் இறந்து, 1890இல் முதல் கவிதைத் தொகுப்பு வந்தபோது அதில் அவர் படம் இடம்பெறவில்லை. பிறகு யாரோ அதைத் திருத்தினார்கள். படிந்த முடி சுருண்டது. கழுத்தைச் சுற்றிக் கொசுவம் வைத்த வெள்ளைக் காலர் முளைத்தது. அவருடைய அண்ணன் மகள் 1924இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் அந்தத் திருத்திய உருவம்தான் இருந்தது. அசல் தகடு 1956இல்தான் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது. அன்போடுதான் திருத்தியிருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சுருள்முடிப் பெண்ணை எமிலி ஒருநாளும் கண்ணாடியில் பார்த்ததில்லை.

எமிலியோ தன் படத்தைத் தானே எழுதிவைத்துவிட்டுப் போனவர். 1862இல், கடிதங்கள் வழியாக மட்டுமே அவரை அறிந்திருந்த எழுத்தாளர் தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சன் ஒரு படம் அனுப்பச் சொல்லிக் கேட்டார். இப்போது என்னிடம் படம் இல்லை என்று பதில் எழுதிய எமிலி, தான் ரென் குருவியைப்போலச் சிறியவள் என்றார். கூந்தல் செஸ்ட்நட் காயின் முள்மேல்தோலைப்போல் துடுக்கானது என்றார். கண்கள், விருந்தாளி கோப்பையில் மிச்சம் வைத்துப்போன ஷெர்ரி மதுவைப்போல என்றார். இது போதாதா என்றும் கேட்டார். அதே கடிதத்தில் அப்பாவைப் பற்றியும் எழுதியிருக்கிறார். திடீரென்று சாவு வந்துவிட்டால் என்ன செய்வது, மற்ற எல்லோருடைய உருவமும் இருக்கிறது, உன்னுடையது மட்டும் இல்லையே என்று அப்பா பதறுவாராம். ஆனால் அப்படிப் பதிந்த உருவங்களில் உள்ள உயிர்ப்பு சில நாட்களிலேயே தேய்ந்துவிடுவதைத் தான் கவனித்திருப்பதாக மகள் எழுதுகிறார்.

படத்தில் அவர் முடி வெறும் கருமை. உண்மையில் அது செம்பழுப்பு. அவர் தோழிக்கு அனுப்பிய ஒரு கற்றை முடி இன்றும் இருக்கிறது, பார்த்தால் தெரியும். மது மிச்சத்தில் வெளிச்சம் பட்டால் தோன்றும் அந்தக் கண் நிறத்தை எந்தச் செயலி ஊகிக்கும்?

இன்னொரு படம், இன்னொரு கவிதை. எழுதியவர் பெயர் எந்த இலக்கிய வரலாற்றிலும் வராது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்தபின் வடபடை வீரர் ஒருவரின் உடல் அந்த ஊரில் கிடைத்தது. பெயர், படைப்பிரிவு எதுவும் தெரியவில்லை. கையில் ஒரு அம்ப்ரோடைப், அதாவது கண்ணாடித் தகட்டுப் படம். அதில் மூன்று குழந்தைகள். செய்தித்தாளில் புகைப்படத்தை அச்சிடும் வசதி அன்று இல்லை. எனவே அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவின் இன்க்வயரர் நாளிதழ் அந்தப் படத்தைச் சொற்களால் வரைந்தது. இவர் யாருடைய தந்தை என்பது தலைப்பு. சின்னவன் உயரமான நாற்காலியில் நடுவில், இருபுறமும் அண்ணனும் அக்காவும். பெரியவனின் சட்டை, தங்கையின் கவுன் தைத்த அதே துணியில் தைத்தது.

அந்தச் சட்டைத் துணியை எழுதிய கை யாருடையதோ, அவரை நான் கவிஞர் என்றே சொல்வேன். அழகு இருக்கிறது, சோகம் இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். துணியைப் பார்த்திருக்கிறார். ஒரே துணியை வாங்கி, வெட்டி, இரண்டு பிள்ளைகளுக்கும் தைத்த தாய்க்கு அது போதும். செய்தி பத்திரிகைக்குப் பத்திரிகை பரவி, நியூயார்க் மாநிலத்தின் போர்ட்வில் என்ற சிற்றூரில் இருந்த ஃபிலிண்டா ஹுமிஸ்டனை எட்டியது. நவம்பரில் படத்தின் பிரதி அவர் கைக்கு வந்தபோது, அது தான் கணவருக்கு அனுப்பிய படம்தான் என்று உறுதியானது. குழந்தைகள் ஃபிராங்க், ஆலிஸ், ஃபிரெட். இறந்தவர் சார்ஜென்ட் ஏமஸ் ஹுமிஸ்டன், நியூயார்க் 154ஆம் படைப்பிரிவு. குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. இளமையில் திமிங்கில வேட்டைக் கப்பலில் போனவர்.

இந்தப் படத்தை வைத்து நாடே பாட்டு எழுதியது. ஜேம்ஸ் ஜி. கிளார்க் எழுதிய பாடல் பெரும்புகழ் பெற்றது. குழந்தைகளின் படத்தோடு அதன் இசைத்தாளும், படத்தின் அட்டைப் பிரதிகளும் விற்றார்கள். போர் வீரர்களின் அநாதைக் குழந்தைகளுக்காகக் கெட்டிஸ்பர்க்கில் 1866இல் ஓர் இல்லம் திறக்க அந்தப் பணம் உதவியது. நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டைப் படித்தால் சுதந்திரத் தேவி வருகிறாள், இறுமாப்புள்ள எதிரி வருகிறான், வீரர்கள் மலைக் கழுகுகளாகப் பாய்கிறார்கள். சட்டைத் துணி வரவில்லை. எமிலிக்கு வெள்ளைக் காலர் வரைந்ததுபோலத்தான் இதுவும்.

ஹுமிஸ்டன் தானே ஒரு கவிதை எழுதியிருந்தார். 1863 மார்ச்சில், படை முகாமிலிருந்து மனைவிக்கு. எழுத்துப்பிழைகள் நிறைந்த, யாப்பு தடுமாறும் வரிகள். சின்னவர்களைப் படுக்கவைத்துப் பக்குவமாகப் போர்த்திவிட்டாய், ஃபிராங்கி, ஆலி, ஃபிரெட் மூவரும் இரவு ஜெபம் சொல்லிவிட்டார்கள் என்று தொடங்குகிறது. அப்போது குழந்தைகளின் படம் அவரிடம் வந்திருக்கவில்லை. மே மாதம்தான் வந்தது. வேறு எதை அனுப்பியிருந்தாலும் இவ்வளவு மகிழ்ந்திருக்கமாட்டேன் என்று மனைவிக்கு எழுதினார். ஜூலை 1ஆம் தேதி இறந்தார். கிளார்க்கின் பாட்டையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது கவிதை என்பதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. பெயர்பெற்ற கவிஞரிடம் நாடு முழுவதற்குமான சொற்கள் இருந்தன. சேணம் தைப்பவரிடம் மூன்று செல்லப் பெயர்களும் ஒரு போர்வையும் இருந்தன.

புகழ்பெற்றவர்களுக்கு அது கைகூடாது என்று சொல்லவில்லை. கவிஞர் ஹென்றி வாட்ஸ்வொர்த் லாங்ஃபெல்லோவின் மனைவி ஃபேனி 1861 ஜூலையில் ஆடையில் தீப்பற்றி இறந்தார். தீயை அணைக்கப் போய்க் கணவர் முகத்திலும் காயம். நாம் எல்லாப் படங்களிலும் பார்க்கும் அந்த நீண்ட வெண்தாடி அந்தத் தழும்புக்கு மேல் வளர்ந்தது. 18 ஆண்டுகள் கழித்து, 1879இல், பதினான்கு வரிகள் எழுதினார். தூக்கமில்லாத இரவு, சுவரில் மாட்டியிருக்கும் மனைவியின் முகம், அதைச் சுற்றி இரவு விளக்கின் வெளிறிய ஒளிவட்டம். அங்கிருந்து மனம் தொலைவில் ஒரு மலைக்குப் போகிறது. வெயில் எட்டாத பள்ளத்தாக்குகளில் சிலுவை வடிவில் பனி உறைந்து கிடக்கும் கொலராடோ மலை. வில்லியம் ஹென்றி ஜாக்சன் 1873இல் எடுத்த புகைப்படத்தால் நாடறிந்த மலை அது. வீட்டுச் சுவரில் இருந்த முகத்தையும் புகைப்படக்காரர் ஊருக்குக் காட்டிய மலையையும் ஒரே துக்கத்தில் சேர்த்துவிட்டார் லாங்ஃபெல்லோ. அந்தக் கவிதையை அவர் அச்சுக்குக் கொடுக்கவில்லை. 1882இல் அவர் இறந்தபின் தாள்களுக்கிடையே கிடைத்தது.

அதே காலத்துக் கவிஞர் வால்ட் விட்மனை இங்கே சேர்க்கவில்லை. தன் படங்களை ஊருக்குக் காட்டவே எடுத்துக்கொண்டவர் அவர். அது வேறு விஷயம்.

எங்கள் குடும்பக் குழுவில் ஓர் உறவினர், தாத்தாவும் பாட்டியும் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படத்துக்கு வண்ணம் பூசி அனுப்பினார். புடவை நல்ல அரக்குச் சிவப்பாக வந்திருந்தது. பார்த்த உடனேயே பெரியத்தை சொன்னார்: "அது அரக்கு இல்லையப்பா. மாம்பழ மஞ்சள், பச்சைக் கரை. கிழிந்தபின் எனக்கும் சின்னவளுக்கும் பாவாடையாகத் தைத்தாள். கரை எனக்கு வரவில்லை என்று நான் அழுதேன்." அசல் படத்தின் பின்புறம் இதை மெல்லிய பென்சிலால் எழுதிவைத்துவிட்டேன். பேனா மை தாளில் ஊறி முன்பக்கம் வந்துவிடும், பேனா வேண்டாம். குழுவிலும் அசலையும் பெரியத்தையின் சொற்களையும் சேர்த்து அனுப்பி, சிவப்புப் புடவைப் படத்தை இனி யாரும் பகிரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சிலருக்கு வருத்தம். பரவாயில்லை.

உங்கள் வீட்டிலும் எண்பதைத் தாண்டியவர் ஒருவர் இருப்பார். படத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். இது யார், எந்த வருடம் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தத் துணி எந்தக் கடையில் எடுத்தது, யார் தைத்தது, அன்றைக்கு யார் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது என்றும் கேளுங்கள். அவர் சொல்கிறபடியே, அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.